எல்லோருக்கும் காப்பீடு வந்தால் மருந்துச் சீட்டுக்கு யார் "சரி" சொல்வது?

1. வாசன் (நியூ ஜெர்சி), ஜனவரி 17

நண்பர்களே, கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஆஸ்துமா. மூன்று வருடமாக ஒரே இன்ஹேலர். மாதம் 30 டாலர் கோபே, அதாவது காப்பீடு கட்டியது போக எங்கள் பங்கு. கடைக்குப் போனோமா, வாங்கினோமா என்று இருந்தது. இந்த ஜனவரி 1 முதல் என் கம்பெனி காப்பீட்டு பிளானை மாற்றிவிட்டது. மருந்துக்கடையில் புது அட்டையைக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு "ப்ரயர் ஆதரைசேஷன் கேட்கிறது" என்றார், அதாவது காப்பீட்டின் முன் அனுமதி. டாக்டர் ஆபீசிலிருந்து ஃபேக்ஸ் போக வேண்டுமாம். ஃபேக்ஸ்! 2026-ல்! ஆறு நாள் ஆகிவிட்டது, பதில் இல்லை. கைக்காசு போட்டு வாங்கினால் 340 டாலர். வீட்டில் இருக்கிற பழைய இன்ஹேலரின் பின்பக்கச் சின்ன ஜன்னலில் 14 என்று எண் தெரிகிறது. காலையில் இரண்டு இழுப்பு, இரவில் இரண்டு. மூன்றரை நாள் கணக்கு. அவள் இரவில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறாள், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

பொங்கல் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். அவ்வளவுதான், பேச்சு திசை மாறிவிட்டது. ஒருவர், "அரசே எல்லோருக்கும் காப்பீடு கொடுத்தால் இந்த எச்எம்ஓ, பிபிஓ பிளான்கள், ஃபார்முலரி என்ற மருந்துப் பட்டியல் எல்லாம் ஒரே நாளில் ஒழியும்" என்றார். இன்னொருவர், "ஒழியும், அப்புறம் கனடா மாதிரி வரிசையில் நில்" என்றார். சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனதுதான் மிச்சம்.

எனக்குத் தெரிய வேண்டியது அரசியல் இல்லை. எல்லோருக்கும் காப்பீடு என்று ஒன்று வந்தால் மேனேஜ்டு கேர், அதாவது எந்த டாக்டர், எந்த மருந்து என்று காப்பீட்டு நிறுவனமே கட்டுப்படுத்தும் ஏற்பாடு, நிஜமாகவே போய்விடுமா? மருந்துச் செலவு அதில் சேருமா, சேராதா?

2. குமார் (டாலஸ்), ஜனவரி 17

நான் இன்சூரன்ஸ் பக்கத்து ஆள். 14 வருடமாக மருந்துப் பிரிவில் வேலை. திட்டுவதென்றால் வரிசையில் வாருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கணும். எல்லோருக்கும் காப்பீடு என்பது ஒன்று, அரசு மட்டுமே பணம் கட்டுவது இன்னொன்று. பொங்கல் பந்தியில் இரண்டையும் ஒரே இலையில் போட்டிருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் 1996 முதல் எல்லோரும் காப்பீடு வாங்கியே ஆகணும். விற்பது தனியார் நிறுவனங்கள்தான். ஆனால் அடிப்படைக் காப்பீட்டில் அவர்கள் லாபம் வைக்கக் கூடாது. அங்கே எச்எம்ஓ மாதிரியான பிளானை எடுத்தால் பிரீமியம் குறையும். நெதர்லாந்தில் 2006 முதல் இதே வகை ஏற்பாடு. அங்குள்ள காப்பீட்டு நிறுவனம் ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பொதுப் பெயரில் செய்யும் பத்து ஜெனரிக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இதற்குத்தான் பணம் தருவேன்" என்று சொல்லலாம், சட்டப்படியே. இரண்டு நாட்டிலும் எல்லோருக்கும் காப்பீடு இருக்கிறது. மேனேஜ்டு கேரும் கொழுகொழுவென்று இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கேயே பாருங்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரில் இருப்பவர்களில் பாதிக்கும் மேல் இப்போது அட்வான்டேஜ் பிளானில், அதாவது தனியார் கையில். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் நாலில் மூன்று பங்கு ஆட்கள் மேனேஜ்டு கேர் நிறுவனங்கள் வழியாகத்தான் சிகிச்சை பெறுகிறார்கள். பணம் அரசுடையது, "சரி" அல்லது "முடியாது" என்று சொல்வது தனியார். 2010-ல் ஒபாமாவின் சட்டம் வந்து பல லட்சம் பேருக்குப் புதிதாகக் காப்பீடு கிடைத்தபோது எங்கள் தொழில் சுருங்கவில்லை, வளர்ந்தது.

ஆக, எந்தக் கதவு வழியாக வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

3. கவுண்டர்காரர் (ஹூஸ்டன்), ஜனவரி 17

வாசன், உங்களுக்கு அன்று பதில் சொன்ன ஆள் நானாகவும் இருந்திருக்கலாம். நான் மருந்தாளர். ஜனவரி முதல் இரண்டு வாரம் எங்களுக்கு ஆடித் தள்ளுபடி நாள் கூட்டம் மாதிரி. என்ன, வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு வருவதில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம். திரையில் நாங்கள் பார்ப்பது வாக்கியம் இல்லை, எண். 70 வந்தால் மருந்து பட்டியலிலேயே இல்லை. 75 வந்தால் முன் அனுமதி வேண்டும். 76 வந்தால் அளவு மீறுகிறது. 79 வந்தால், "இன்னும் நாள் ஆகவில்லை, அப்புறம் வா." உங்களுக்கு வந்தது 75. என் கனவிலும் வருகிற எண் அது. உண்மையைச் சொன்னால் 70-ஐவிட 75 பரவாயில்லை. கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை.

அந்த எண்ணை அனுப்புவது உங்கள் அட்டையில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருக்கும் காப்பீட்டு நிறுவனம் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் பிபிஎம், மருந்துப் பயனை நிர்வகிக்கும் இடைநிறுவனம். நாட்டின் மருந்துச் சீட்டுகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் மூன்றே மூன்று பிபிஎம்கள் வழியாகப் போகின்றன. பட்டியலில் எது உள்ளே, எது வெளியே என்பதை அவர்கள் தயாரிப்பாளரோடு பேரம் பேசி முடிவு செய்கிறார்கள். தயாரிப்பாளர் பின்வாசல் வழியாக ரிபேட் தருகிறார். நூறு ரூபாய் விலை போட்டு அறுபது திருப்பித் தருபவனுக்கு இடம் கிடைக்கும், ஐம்பது ரூபாய் விலை போட்டு எதுவும் தராதவன் வெளியே நிற்பான். பிளானுக்குக் கணக்கு சரியாக வரும். டிடக்டிபிள், அதாவது காப்பீடு தொடங்குமுன் தானே கட்ட வேண்டிய தொகை, தீராத நோயாளி மட்டும் நூறு ரூபாய் விலையில் பணம் கட்டுவார். ரூபாய் என்று எழுதிவிட்டேன், டாலர் என்று படித்துக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் ஊர்க் கணக்குதான் வருகிறது.

அரசே ஒரே வாங்குபவராக வந்தால் இந்தப் பின்வாசல் மூடும். அதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன். 75 என்ற எண் போகுமா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.

4. சிவம் (ஸ்காபரோ), ஜனவரி 18

தம்பி வாசன், உங்கட பொங்கல் பந்தியில் கனடாவைத் திட்டினவரும் சரி, புகழ்ந்தவரும் சரி, ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். எங்களுக்கு எல்லோருக்கும் மருத்துவம் உண்டு. எல்லோருக்கும் மருந்து இல்லை.

சஸ்காச்சுவானில் 1962-ல் இது தொடங்கினபோது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைத் தாண்டி, 1966-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1984-ல் கனடா சுகாதாரச் சட்டம் வந்தது. வைத்தியரும் ஆஸ்பத்திரியும் அதற்குள் வந்தன. ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கும் மருந்தை அப்போது வெளியே விட்டார்கள். பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் "பிறகு" வர நாற்பது வருசம் ஆச்சு.

என் கதையைச் சொல்கிறேன். 2016-ல் எனக்கு நெஞ்சு வலி. இரவு ஒரு மணிக்கு அம்புலன்ஸ், விடிய முன்னம் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நாலு நாள் படுக்கை. வெளியே வரும்போது நான் கட்டினது மனைவி கார் நிறுத்தின காசு மட்டும்தான். ஆஸ்பத்திரியில் தாதி சின்னக் காகிதக் கிண்ணத்தில் ஐந்து குளிசை கொண்டுவந்து தருவா. அதற்குக் காசில்லை. ஐந்தாம் நாள், அதே ஐந்து குளிசை, வீட்டுப் பக்கத்து ஃபார்மசியில் மாதம் 180 டாலர். நான் அப்போது கொந்தராத்து வேலை, வேலையிடக் காப்புறுதி கிடையாது. குளிசை அதே குளிசைதான். நான்தான் ஒரு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

ஒன்ராறியோவில் ட்ரிலியம் என்று ஒரு திட்டம் இருக்கு. வீட்டு வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்துக்கு மேல் மருந்துக்குச் செலவானால் மிச்சத்தை அரசு பார்க்கும். அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு கோயிலில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். 65 வயதானால் தனித் திட்டம். 2018-ல் 25 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் மருந்து இலவசம் என்றார்கள். ஆட்சி மாறினது, 2019-ல் தனியார் காப்புறுதி இருக்கிற பிள்ளைகளை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2024 ஒக்ரோபரில் தேசிய மருந்துக் காப்புச் சட்டம் நிறைவேறினது. முதல் கட்டமாக கருத்தடை மருந்தும் நீரிழிவு மருந்தும். அதுக்கும் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேணும். மானிட்டோபா, பிரிட்டிஷ் கொலம்பியா போன்றவை முதலில் போட்டன. ஆஸ்துமா இன்ஹேலர் அந்த முதல் கட்டத்தில் இல்லை, தம்பி.

5. வாசன் (நியூ ஜெர்சி), ஜனவரி 18

சிவம் அண்ணா, இது எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் இங்கிருந்து ஆட்கள் ஏன் எல்லை தாண்டி வந்து இன்சுலின் வாங்கினார்கள்? 2019-ல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸே டெட்ராய்டிலிருந்து பஸ்ஸில் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வின்ட்சர் போனதை டிவியில் பார்த்தேனே?

6. சிவம் (ஸ்காபரோ), ஜனவரி 18

அது விலைக்காக, காப்புறுதிக்காக இல்லை. காப்புரிமை உள்ள மருந்துக்கு அளவுக்கு மிஞ்சி விலை வைக்கக் கூடாது என்று பார்க்க 1987-ல் இருந்து இங்கே ஒரு சபை இருக்கு. காப்புறுதியே இல்லாமல் காசு கொடுத்து வாங்கினாலும் உங்கட விலையில் ஒரு பங்குதான் வரும். விலையைக் கட்டுப்படுத்துவது வேறு, அந்த விலையை யார் கட்டுவது என்பது வேறு. நாங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதில் நித்திரை கொண்டோம். நீங்கள் இரண்டாவதோடு மல்லுக்கட்டிக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டீர்கள்.

இன்சுலின் கண்டுபிடித்தது இங்கே ரொறன்ரோவில், 1921-ல். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த மனுசர்கள் அந்த பஸ்ஸைப் பார்க்காமல் போனதே நல்லது.

7. மீனா (ஈஸ்ட் ஹாம், லண்டன்), ஜனவரி 18

நான் இங்கே ஒரு ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கில், மருந்துச் சீட்டு மேசையில் வேலை செய்கிறேன். மதுரைக்காரி. எங்கள் கதையையும் கேளுங்கள்.

எங்கள் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 1948 ஜூலை 5-ல் தொடங்கியபோது மருந்துக்குக் காசே இல்லை. நாலே வருடத்தில், 1952-ல் ஒரு சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வருடமே பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், இந்தத் திட்டத்தையே கட்டி எழுப்பிய பெவன் மந்திரி பதவியை விட்டு விலகிவிட்டார். இன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். அது ஒரு பவுண்ட் மாத்திரையோ ஆயிரம் பவுண்ட் ஊசியோ, அதே 9.90. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் சுத்தமாக இலவசம். எங்களிடமும் 60 வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இலவசம் என்பதால் பத்தில் ஒன்பது மருந்துக்கு யாரும் காசு கட்டுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீண்டகால நோய் இருந்தால் இலவசம் என்று ஒரு பட்டியல், 1968-ல் போட்டது. தைராய்டு குறைவு அதில் இருக்கிறது. அந்த நோய் இருந்தால் தைராய்டு மாத்திரை மட்டுமில்லை, எந்த மருந்தும் இலவசம். ஆஸ்துமா அதில் இல்லை! 2009-ல் புற்றுநோயைச் சேர்த்தார்கள், ஆஸ்துமாவைச் சேர்க்கவில்லை. எனக்குத் தைராய்டு. பக்கத்து மேசைப் பெண்ணுக்கு ஆஸ்துமா. என் தலைவலி மருந்தும் இலவசம், அவள் மூச்சு விடக் காசு. இதற்கு யாராவது காரணம் சொன்னால் பிரியாணி வாங்கித் தருகிறேன்.

அப்புறம் அந்த "75". அது எங்களிடம் வேறு வேஷத்தில் இருக்கிறது. ஒரு புது மருந்து வந்தால் நைஸ் என்ற அமைப்பு அதை எடைபோடும். 1999-ல் தொடங்கியது. ஒரு மனிதருக்கு நல்ல ஆரோக்கியத்தோடு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடுவார்கள். வெகுகாலமாக அந்த வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டாக இருந்தது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் "முடியாது"தான். நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு ஒர்காம்பி என்ற மருந்து 2015-ல் வந்தது. 2016-ல் நைஸ் வேண்டாம் என்றது. விலையில் உடன்பாடு வர 2019 அக்டோபர் ஆகிவிட்டது. அவ்வளவு காலமும் பிள்ளைகளின் அம்மாக்கள் தெருவில் நின்றார்கள். ஆக, இங்கேயும் "இல்லை" என்று சொல்வார்கள். வாசன் மனைவியைத் தனியாக நிறுத்தி வைத்துச் சொல்ல மாட்டார்கள், நாட்டுக்கே ஒரு தடவை சொல்வார்கள். ஏன் என்று எழுதி வெளியிடுவார்கள். திட்டுவதற்கு ஒரு முகவரி இருக்கும்.

8. குமார் (டாலஸ்), ஜனவரி 18

மீனா சொன்னதை நான் சொல்லியிருந்தால் இன்சூரன்ஸ்காரன் பேச்சு என்று ஒதுக்கியிருப்பீர்கள். எங்கே பார்த்தாலும் யாரோ ஒருவர் பட்டியல் போடத்தான் செய்கிறார்.

இங்கே அது எப்படி வரும் என்று கேட்டால், அரசே எல்லோருக்கும் காப்பீடு தர வேண்டும் என்ற சாண்டர்ஸின் மசோதாவையே பாருங்கள். அரசு தரும் சேவைகளையே தனியார் காப்பீடும் விற்க முடியாது. அதாவது என் வேலை போய்விடும். டிடக்டிபிள் இல்லை, இந்த டாக்டரிடம்தான் போகணும் என்ற நெட்வொர்க் இல்லை. ஆனால் மருந்துக்கு மட்டும் வருடத்துக்கு 200 டாலர் வரை வாங்கலாம் என்று ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். ஏன்? ஜெனரிக் பக்கம் ஆட்களைத் திருப்ப. பிரதிநிதிகள் சபையில் ஜெயபால் கொண்டுவந்ததில் அந்த 200-ம் கிடையாது. இரண்டிலும் ஃபார்முலரி உண்டு, அரசு பேரம் பேசும்.

பேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். 2003-ல் மெடிக்கேருக்கு மருந்துக் காப்பீடு கொடுத்த சட்டமே, அரசு விலை பேசக் கூடாது என்று கையைக் கட்டிவிட்டது. அந்தக் கட்டு 2022 சட்டத்தில்தான் பாதி அவிழ்ந்தது. முதல் பத்து மருந்துக்குப் பேசிய விலை இந்த ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜனுவியா சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்குப் பட்டியல் விலை 527 டாலர், பேசிய விலை 113. இரத்தம் உறையாமல் இருக்கும் எலிக்விஸ் 521-லிருந்து 231. பட்டியல் விலையில் ரிபேட் கழியாது என்பதால் உண்மையான இறக்கம் இதைவிடக் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். இது மெடிக்கேருக்கு மட்டும். வாசன் பிளானுக்கு இல்லை.

சரி, பணம்? வெர்மான்ட் 2011-ல் மாநில அளவில் ஒரே காப்பீடு என்று சட்டமே போட்டது. கவர்னர் ஷும்லின் அதற்காகவே ஓட்டு வாங்கியவர். 2014 டிசம்பரில் அவரே கைவிட்டார். கம்பெனிகளுக்கு 11.5 சதவீதச் சம்பள வரி, ஆட்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 9.5 சதவீதம் வரை வரி என்று கணக்கு வந்தது. பிரீமியம் மிச்சமாகுமே என்று நீங்கள் சொல்வீர்கள். மிச்சமாகும். ஆனால் பிரீமியம் சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கிறது, வரி கண்ணுக்கு எதிரே நிற்கிறது. ஜனங்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் அடிப்பார்கள்.

9. ஊர்க்குருவி, ஜனவரி 19

இவ்வளவு பேச்சு எதற்கு? டிக்கெட் போட்டு ஊருக்கு வாருங்கள். ஜிஹெச்சில் மாத்திரை இலவசம். டாலர் மோகத்தில் மூச்சுத் திணறுவது யார் குற்றம்?

10. நெறியாளர், ஜனவரி 19

ஊர்க்குருவி, நோயில் இருப்பவரைக் குத்திக்காட்ட வேண்டாம். ஜிஹெச் பற்றிச் சொல்ல வந்தால் முழுதாகச் சொல்லுங்கள்.

11. ஓய்வுபெற்ற டாக்டர் (திருநெல்வேலி), ஜனவரி 19

குருவி சொல்லாததை நான் சொல்கிறேன். 30 வருடம் அரசுப் பணியில் இருந்தவன்.

இலவசம் என்று சுவரில் எழுதுவது எளிது. அலமாரியில் மாத்திரை இருக்க வேண்டும். எண்பதுகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சேர்ந்தபோது அலமாரியில் தேவையில்லாத டானிக் அடுக்கடுக்காக இருக்கும், வலிப்பு மாத்திரை இருக்காது. வெளியே எழுதிக் கொடுப்பேன். வாங்கினார்களா இல்லையா என்பது அடுத்த வலிப்பு வந்து தூக்கி வரும்போதுதான் தெரியும்.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. அடுத்த வருடம் விநியோகம் தொடங்கியது. முதலில் செய்தது ஒரு பட்டியல். இன்னின்ன மருந்து மட்டும், கம்பெனிப் பெயரில் இல்லை, மருந்தின் பொதுப் பெயரில். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே டெண்டர். மாவட்டக் கிடங்கு. தரச் சோதனை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். உங்கள் கணக்கில் இவ்வளவு ரூபாய், எடுக்க எடுக்கக் கழியும். என் நிலையத்துப் பாஸ்புக்கை மருந்தாளுநர் துணிப்பையில் வைத்து பஸ்ஸில் எடுத்துப் போய் மாத்திரைப் பெட்டிகளோடு திரும்பியது கண்ணில் நிற்கிறது. அட்டையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சிட்டிருக்கும்.

அந்தப் பட்டியலும் ஃபார்முலரிதான், நீங்கள் திட்டுகிற அதே சாமான். "டவுனில் கொடுத்த சிவப்பு மாத்திரை வேணும் சார்" என்று கேட்பார்கள். அதே மருந்துதான் இது, நிறம்தான் வேறு என்று நாளைக்கு இருபது பேருக்குச் சொல்வேன். ஒருவருக்கும் ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லவில்லை.

காப்பீடு இங்கே 2009-ல் வந்தது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆனது. அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் அறுவைசிகிச்சை, சிகிச்சைகளுக்கு. மாதாமாதம் போடும் பிரஷர் மாத்திரைக்கு அது பணம் தராது. சிவம் ஐயாவின் கண்ணாடிக் கதவு இங்கேயும் இருக்கிறது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கதவு பாதி திறந்திருக்கிறது.

12. சிவம் (ஸ்காபரோ), ஜனவரி 19

டாக்டர் ஐயா, மொத்தமாக, பொதுப் பெயரில் வாங்குவதை எங்கட இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே உங்களுக்கு முன்னமே தொடங்கிவிட்டார். 1971-ல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம். அதையும் ஒரு வரி போட்டு வையுங்கோ.

13. ஓய்வுபெற்ற டாக்டர் (திருநெல்வேலி), ஜனவரி 19

போட்டாயிற்று ஐயா. நாங்கள் படித்த காலத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடத்தினார்கள்.

14. சுந்தரம் (ஃப்ரீமாண்ட்), ஜனவரி 20

எனக்கு வயது 86. மகன் தட்டச்சு செய்கிறான், பிழை அவனுடையது.

மெடிக்கேர் மருந்துக் காப்பீடு 2006-ல் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறேன். அந்த வருடம் மருந்தின் மொத்தச் செலவு 2,250 டாலரைத் தாண்டியதும் காப்பீடு ஓடி ஒளிந்துகொள்ளும். 5,100-ஐத் தொட்டதும் திரும்பி வரும். நடுவில் இருந்த ஓட்டைக்கு டோனட் ஓட்டை என்று பெயர் வைத்தார்கள். நான் உளுந்துவடை ஓட்டை என்பேன். என் மனைவி அந்த ஓட்டையில் விழுந்த மாதங்களில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டாள். இப்போது வருடத்துக்கு 2,100 டாலருக்கு மேல் நான் கட்ட வேண்டாம், மாதம் 35 டாலருக்கு மேல் இன்சுலினுக்கு இல்லை. அவள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஆனால் ஒவ்வொரு அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7 வரை எனக்கு ஒரு வேலை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு என் ஒன்பது மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். எந்த பிளானில் எது எந்தக் கட்டணப் படியில் என்று பார்க்க வேண்டும். போன வருடம் நல்லதாக இருந்த பிளான் இந்த வருடம் ஒரு மாத்திரையைத் தூக்கிவிட்டிருக்கும். தேர்வு செய்யும் சுதந்திரம் என்கிறார்கள். எனக்கு 28 பிளான் வேண்டாம் தம்பி, டாக்டர் எழுதிய மாத்திரை வேண்டும்.

மேனேஜ்டு கேர் என்றாலே கெட்ட வார்த்தை போலப் பேசுகிறீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் கெய்சர் என்ற மேனேஜ்டு கேர் அமைப்பில் இருக்கிறார். டாக்டர், லேப், மருந்துக்கடை எல்லாம் ஒரே கட்டடம், ஒரே கணக்குப் புத்தகம். அங்கே மருந்தை எழுதுகிறவரும் "இதைவிட அது மலிவு" என்று சொல்கிறவரும் ஒரே மாடியில் காபி குடிக்கிறார்கள். அது தொடங்கியது 1933-ல், மொஹாவே பாலைவனத்தில் கால்வாய் வெட்டிய தொழிலாளர்களுக்காக. நாளைக்கு ஐந்து சென்ட். கார்ஃபீல்ட் என்ற இளம் டாக்டர், முன்பணம் கைக்கு வந்துவிட்டதால், ஆட்கள் காயம்படாமல் இருந்தால்தான் தனக்கு லாபம் என்று ஆணிகளைப் பொறுக்கி அகற்றச் சொன்னாராம். எந்தச் சட்டம் வந்தாலும் அந்த ஐந்து சென்ட் புத்தியைத் தூக்கி எறிய வேண்டாம்.

15. கவுண்டர்காரர் (ஹூஸ்டன்), ஜனவரி 20

பெரியவர் சொன்னது சரி. ஆனால் வாசனுக்கு இன்னும் இன்ஹேலர் வரவில்லை, நாம் 1933-ல் இருக்கிறோம்.

வாசன், உங்கள் கம்பெனி பெரியதா? ஆயிரம் பேருக்கு மேல் என்றால் அநேகமாக அது சொந்தப் பணத்தில் நடத்தும் பிளானாக இருக்கும். அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பணம் உங்கள் முதலாளியுடையது. 1974-ன் எரிசா என்ற மத்திய அரசுச் சட்டத்தால் மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் அதைத் தொட முடியாது. அதனால் போனில் கிளி மாதிரி ஒப்பிக்கிறவரோடு சண்டை போடாதீர்கள். ஹெச்ஆரில் பெனிஃபிட்ஸ் பார்ப்பவருக்கு எழுதுங்கள். டாக்டர் ஆபீசில் ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள்: அவசரம். அவசரம் என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். சாதாரணக் கோரிக்கை என்று போயிருந்தால் மெதுவாகத்தான் நகரும்.

இன்னொன்று. 2024 முதல் சில இன்ஹேலர் தயாரிப்பாளர்கள் நோயாளியிடம் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்குவதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பாருங்கள், அவர்கள் தளத்தில் கூப்பன் இருக்கலாம். தயவுசெய்து அவர் இழுப்பைக் குறைக்க வேண்டாம். அது தடுப்பு மருந்து. குறைத்தால் உடனே தெரியாது, பத்து நாள் கழித்து எமர்ஜென்சி அறையில் தெரியும்.

16. வாசன் (நியூ ஜெர்சி), ஜனவரி 23

எல்லோருக்கும் நன்றி. கவுண்டர்காரர் சார் சொன்னபடி கூப்பன் கிடைத்தது, அன்று மாலையே 35 டாலருக்கு வாங்கிவிட்டேன். ஹெச்ஆருக்கும் எழுதினேன். நீங்கள் சொன்னது சரிதான், பணம் கம்பெனியுடையதாம். ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறேன், அது எனக்குத் தெரியாது. டாக்டர் ஆபீசில் "அவசரம்" என்று மாற்றி அனுப்பினார்கள். நேற்று அனுமதி வந்துவிட்டது.

குமார், உங்கள் மேல் கோபம் இல்லை. ஒரு கேள்வி மட்டும். மீனா ஊரில் "இல்லை" என்று சொன்னால் காரணத்தை வெளியிடுகிறார்கள். எனக்கு வந்த கடிதத்தில் முதலில் மறுத்ததற்குக் காரணம் "திட்ட விதிகளின்படி" என்று இரண்டே சொல். அந்த விதியை நான் பார்க்க முடியுமா?

17. குமார் (டாலஸ்), ஜனவரி 23

கேட்டால் தந்தாக வேண்டும், சட்டத்தில் இடமிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். என் 14 வருடத்தில் அப்படிக் கேட்டவர்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம்.

18. மீனா (ஈஸ்ட் ஹாம், லண்டன்), ஜனவரி 24

வாசன், உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். போன வருடம் எங்கள் வட்டாரத்தில் செலவுக்காகப் பலருக்கு இன்ஹேலரை மாற்றினார்கள். இழுக்கிற முறையே வேறு. நர்ஸிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகாமல் புதுசைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் சர்ஜரியில் விதி. அங்கே மாற்றச் சொன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

19. வாசன் (நியூ ஜெர்சி), ஜனவரி 24

சொன்னேன். அவளுக்கு உங்களைப் பிடித்துவிட்டது. அந்தப் பிரியாணி பந்தயத்தில் தானும் சேர்கிறாளாம்.

அனுமதிக் கடிதத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். 12 மாதத்துக்கு மட்டும் செல்லும். அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஃபேக்ஸ். டிசம்பர் 10-ம் தேதியில் "டாக்டர் ஆபீஸ், அவசரம் என்று எழுதச் சொல்லு" என்று போனில் குறித்து வைத்திருக்கிறேன்.